இறங்கி வராதே

புளிச்சங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் கோயில்ராஜ் அண்ணாச்சியின் மண்டியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரில் புத்திசாலி மாசானம். மற்ற மூவரைப் பற்றி அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மாசானத்துக்குத் தங்கபுஷ்பம் மேல் உயிர். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா வேலாண்டி ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"ஐந்நூறு ரூவா கூலியில எப்பிடிக் குடும்பம் நடத்துவீரு? ஆவணி பிறக்கதுக்குள்ள சம்பளம் ஏறணும். ஏறினா பொண்ணு உமக்கு. இல்லைன்னா அரிசி மில்லுக்காரன் மகனுக்கு."

ஆவணி பிறக்க எட்டே நாள். மாசானத்துக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அக்கா புருஷனுக்கு போன் போட்டான்.

"சம்பளம் பேசுததுல ஒரே சூட்சுமம்தான் மாப்ள," என்றார் அவர். "என்ன ஆனாலும் நீங்க இறங்கி வராதீங்க. முதலாளிதான் இறங்கி வரணும்."

நால்வரும் கூடி ஆலோசித்தார்கள்.

"இறங்கப்படாதுங்காரு. ஆனா நாம தரையிலல்லா நிக்கோம்?" என்றான் ஆவுடையப்பன்.

"அப்பம் முதல்ல ஏறணும்," என்றான் கொம்பையா.

தேங்காய்க் குவியலின் மேல் ஏறினார்கள். குவியல் சரிந்தது. தேங்காயோடு தேங்காயாக உருண்டு நால்வரும் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"போச்சு, இறங்கிட்டோமே!" என்று மாசானம் அழுதே விட்டான்.

ஆவுடையப்பன் முழங்காலைத் தேய்த்தபடி நெடுநேரம் யோசித்தான். "இறங்கல. விழுந்தோம். விழுந்தது சேத்தியில்ல."

மனசு தெளிந்தது. ஏணி வைத்து மண்டியின் தகரக் கூரையில் ஏறி நின்றார்கள்.

அண்ணாச்சி பதறிக்கொண்டு வந்தார். வாசலில் மதுரை லாரி நின்றது. ஒரு தேங்காய்கூட உரிபடவில்லை.

"எல, அங்க என்னல பண்ணுதிய?"

"சம்பளம் பேசுதோம் அண்ணாச்சி!"

"சரி, அறுநூறு தாரேன். இறங்கி வாங்கல."

"பாத்தியா, எடுத்த எடுப்புல இறங்கச் சொல்லுதாரு," என்று கொம்பையா காதைக் கடித்தான்.

"மாட்டோம்!"

"எழுநூறு! இறங்கி வாங்கல!"

"மாட்டோம்!"

வெயில் ஏறியது. தகரம் கொதித்தது. நால்வரும் காலை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"தொள்ளாயிரம்! கும்பிடுதேன், இறங்கி வாங்கல!"

மாசானத்துக்குத் தங்கபுஷ்பத்தின் முகம் கண்ணில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். "நீங்க இறங்கி வாங்க அண்ணாச்சி!"

"நான் தரையில நிக்கேன். இன்னும் எங்கல இறங்க, கிணத்துக்குள்ளயா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "அப்பம் ஏறி வந்துட்டு இறங்குங்க."

முப்பது வருஷம் மண்டி நடத்தியவருக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மூச்சு வாங்க ஏணியில் ஏறினார். உச்சியில் நின்று, "தொள்ளாயிரம்," என்றார். ஒரு படி இறங்கி, "எண்ணூறு," என்றார். நால்வரும் கைதட்டினார்கள். அடுத்த படியில், "எழுநூறு." நாலாவது ஆளான சொரிமுத்து விசிலடித்தான்.

"அப்பிடித்தான் அண்ணாச்சி, இறங்குங்க!"

அவர் கால் தரையைத் தொட்டபோது கூலி நானூற்றைம்பது. நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"பேசி முடிஞ்சிது. வந்து உரிங்கல," என்றார் அண்ணாச்சி.

"அதெப்பிடி? என்ன ஆனாலும் நாங்க இறங்கப்படாதுல்லா?"

அண்ணாச்சி தலையில் கைவைத்து ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார்.

சேதி கேட்டு வேலாண்டி ஓடி வந்தார். அவரும் புளிச்சங்குளம்தான்.

"மாப்ள, சம்பளம் ஏறிச்சா?"

"ஏறிச்சு மாமா! அண்ணாச்சியோட ஏணி உச்சி வரைக்கும் ஏறிச்சு."

"பெறவு?"

"பெறவு அவரோடயே இறங்கிட்டு."

வேலாண்டி யோசித்தார். "ஏறணும்னுதான சொன்னேன். இறங்கப்படாதுன்னு சொல்லலையே. பொண்ணு உமக்குத்தான். கலியாணத்துக்கு இறங்கி வாரும்."

"இறங்க மாட்டேன் மாமா."

வேலாண்டி கோபப்படவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து, கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக அளந்தார்.

"மேல ஒரு பந்திக்கு எத்தன எலை போடலாம் மாப்ள?"