இன்னும் ஒரே ஒரு அடி

இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் நாலு எட்டு வைக்கவே திணறிய சவரிமுத்து டாக்டர், தனக்கு ஆபரேஷன் செய்ய தன்னிடம் படித்து டாக்டரான பிரம்மசக்தியைத்தான் கூப்பிட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் தொடையிலேயா சுத்தியலை வைப்பது?

"புது மூட்டை எலும்புச் சிமென்ட் வச்சே பொருத்திடுதேன் சார். இன்னைக்கே இறுகிடும். எனக்கும் நிம்மதி."

"வேண்டாம் தாயி. என் எலும்பு நல்ல எலும்பு. அதுவே வளர்ந்து உலோகத்தைப் பிடிச்சுக்கிடும்."

"அதுக்கு மாசக்கணக்கா ஆகுமே. அதுக்குள்ள அசைஞ்சிட்டா?"

"காலையிலேருந்து ஒரு வாய் காப்பி தரல நீ. பேச்சையாவது குறை."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியிருந்தது.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. ஆள் முழிப்புத்தான். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணி மறைப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவள் தொடை எலும்பின் குழிக்குள் உலோகத் தண்டை வைத்துத் தட்டத் தொடங்கினாள்.

டொக். டொக். தண்டு கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. பிறகு, ணங். அடுத்த அடிக்கு அது நகரவில்லை.

சத்தம் மாறி, தண்டும் நின்றுவிட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். மேலே அடித்தால் எலும்பு விரிசல் விடும். சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். எத்தனையோ பேருக்கு அவள் யோசிக்காமல் அப்படியே செய்திருக்கிறாள். ஆனால் இது சாருடைய கால் அல்லவா! பாழும் மனசு கேட்கவில்லை. மறுபடி ஓங்கினாள்.

"சக்தி." துணிக்குப் பின்னாலிருந்து குரல். "சத்தம் மாறிட்டுல்லா?"

"மாறிட்டு சார்."

"தண்டு இறங்குதா?"

"இல்ல சார்."

"பிறகு ஏன் சுத்தியலைத் தட்டுல வைக்கிற சத்தம் வரல?"

கை அந்தரத்திலேயே நின்றது. "இன்னும் ஒரே ஒரு அடி சார். உங்களுக்குன்னு..."

"அந்த அடி எனக்கா, உனக்கா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சுத்தியல் தட்டில் இறங்கியது.

"அசைஞ்சிட்டா நான் என்ன சார் செய்வேன்?" சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"கால் என்னோடதுதானே தாயி? எனக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வை."