ஐந்தாம் மாடியில் எல்லாம் பச்சை

மதுரை அருள்நிலா மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள் இருந்த மாதம் அது. போகிறவர் ஷகிலா பானு, வயது நாற்பத்தொன்று. வருகிறவர் மாசிலாமணி, வயது ஐம்பத்துமூன்று. பொறுப்பை ஒப்படைக்கிற அந்த நாட்களில் மாசிலாமணி அவரைக் குருவாகவே வரித்துக்கொண்டார். குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். ஆபீஸ் வழக்கம், என்ன செய்வது.

நான்காவது வாரம், வியாழக்கிழமை காலை, மாசிலாமணி ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஷகிலாவின் அறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதுல என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க மேடம்."

புது சாஃப்ட்வேர் தயாராகிவிட்டது என்று கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் கொடுக்கிற சான்று அது. அந்தக் கையெழுத்து இல்லாமல் நோயாளிகள் விஷயத்தில் புதிதாக எதையும் ஓடவிடக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் சட்டம். சேர்மன் டாக்டர் சங்கரபாண்டியனோ மறுநாள் காலை பத்தரைக்குள் பூஜை போட்டுப் பட்டனை அழுத்த ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கிவிட்டார். அந்த வீட்டில் பிள்ளைக்குக் காது குத்துவதும் ஆபரேஷன் தியேட்டர் திறப்பதும் எல்லாமே ஜோசியர் சொன்ன நேரத்தில்தான்.

"சாஃப்ட்வேர் தயாரா சார்?"

"இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியாமலா? யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைப் பழைய கம்ப்யூட்டரில் நர்ஸுகள் ஓரத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில் அவரவர் போக்கில் தட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டம் புதியதற்கு வந்து சேரவே இல்லை. சேராததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் அது தானாகவே "ஒவ்வாமை: இல்லை" என்று எழுதிக்கொண்டது. இருநூறு பேரை எடுத்துச் சரிபார்த்ததில் முப்பத்தோரு பேருக்கு இந்தக் கதி. குறிப்புகளைப் படித்துப் படித்து ஏற்ற இருபது நாள் ஆகும் என்றது சாஃப்ட்வேர் கம்பெனி. அதையும் ஓடவிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது.

சேர்மனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். வாராவாரம் ரிப்போர்ட்டில் ஷகிலா சிவப்பு, அதாவது தயாரில்லை, என்று எழுதி அனுப்புவார். மூன்றாம் மாடி நிர்வாக அலுவலகத்தில் அது மஞ்சளாகும். ஐந்தாம் மாடியில் சேர்மன் மேஜைக்குப் போகும்போது பச்சைப் பசேல் என்று இருக்கும். யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஆளுக்குக் கொஞ்சமாக நல்லபடியாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருத்தரால் முடியாது. நாலு பேர் சேர்ந்தால் முடியும்.

"மேடம், மேல இருக்கறவர்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மாசிலாமணியின் பயம் அவருக்கு. இருபத்தாறு வருஷம் ஒரு டயர் ஆலையில் இருந்தவர். ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பிரிவையே மூடிவிட்டார்கள். அப்புறம் பதினோரு மாதம் தினமும் காலையில் ஷேவ் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இந்த வேலையும் போனால் அந்த நாற்காலிதான்.

ஷகிலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீங்க இங்க நோயாளியா இருந்திருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆறு வருஷம் முன்னாடி. முட்டி ஆபரேஷன்."

"வாங்க."

கீழ்த்தளத்தில் பதிவு கவுண்டர். ஒத்திகைக்காகப் புது சாஃப்ட்வேர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மாசிலாமணியின் பழைய எண்ணைத் தட்டினார்கள். கையில் கட்டுகிற பட்டை அச்சாகி வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிவப்புப் பட்டை கட்டுவது அங்கே வழக்கம். இவருக்கு வந்தது வெள்ளை. அதைக் கட்டிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல், குருவின் பின்னாலேயே இரண்டாம் மாடி வார்டுக்குப் போனார்.

"ஜெபமலர், இவருக்கு என்ன எழுதியிருக்கோ அதைக் குடுங்க" என்றார் ஷகிலா.

நர்ஸ் ஜெபமலர் பட்டையைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், குப்பியிலிருந்து ஊசியில் ஏற்றினார். "பென்சிலின் சார். கையை நீட்டுங்க."

மாசிலாமணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயையோ, எனக்குப் பென்சிலின் ஆகாதும்மா. போன தடவை தொண்டை வீங்கி மூச்சே நின்னு போச்சு."

"ஸ்கிரீன்ல இல்லைன்னுதானே சார் இருக்கு."

"ஸ்கிரீன் கெடக்குது. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

ஷகிலா பக்கத்து மேஜையில் இருந்தவற்றை ஒதுக்கி இடம் பண்ணினார். "அந்தத் தாளை எடுங்க சார்."

"எதுக்கு?"

"கையெழுத்தைப் போடுங்க. போட்டுட்டுக் கையை நீட்டுங்க."

மாசிலாமணி தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார். வார்டில் யாரோ இருமினார்கள். பேனா அப்படியே நின்றது. அவர் ஷகிலாவைப் பார்த்தார். ஷகிலா அவரைப் பார்க்கவே இல்லை; எதிர்க் கட்டிலில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபமலருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "தண்ணிதான் சார், ஒத்திகைக்கு" என்று ஊசியைத் தொட்டியில் பீய்ச்சிக் காட்டினார். மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சர்வர் அறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. இரும்பு அலமாரிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. டாக்டர்கள், மேனேஜர்கள், சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் என்று நாற்பது பேர் நின்றார்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழக்கமில்லாத மாசிலாமணி, சர்ச்சுக்குப் போகிற சட்டையில் ஓரமாக நின்றார். பத்தேகாலுக்குச் சேர்மன் கையை நீட்டினார்.

"தாளைக் குடுங்க மாசிலாமணி. நேரம் ஆகுது."

"கையெழுத்துப் போடலை சார்."

"பேனா இல்லையா?"

"பேனா இருக்கு. போட முடியாது."

மணியடித்துக்கொண்டிருந்த குருக்கள் நிறுத்திவிட்டார். மாசிலாமணியின் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். முப்பத்தோரு பேரின் பெயரையும் மருந்தையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் "புதுசுல இல்லைன்னு இருக்கு" என்று சொன்னார். கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள். மூன்றாம் மாடி மேனேஜருக்குத் திடீரென்று ஏதோ போன் வந்தது.

சேர்மன் கெட்டவர் இல்லை. நாற்பது வருஷம் கத்தி பிடித்த கை அது. "பழைய சிஸ்டம் வாரத்துல ரெண்டு நாள் படுத்துக்குது. அதுக்கு யார் பொறுப்பு? எனக்கு வந்த ரிப்போர்ட்டெல்லாம் பச்சை" என்றார்.

"கீழ இருந்து போனது சிவப்பு சார். நான் எழுதினதும் சிவப்புதான்."

"இத்தனை பேர் சரின்னு சொல்றப்ப உங்களுக்கு மட்டும் என்ன?"

"எனக்குப் பென்சிலின் ஆகாது சார். அதுலயும் இல்லைன்னுதான் இருக்கு."

"நீங்க போடலைன்னா உங்க நாற்காலியில வேற ஒருத்தரை உட்கார வெச்சுப் போட வைப்பேன்."

"வைங்க சார். அவர் வர்ற வரைக்கும் நான் போட மாட்டேன்."

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கால் இரண்டும் தரையில் அறைந்தாற்போல நின்றன. சேர்மன் அவரையே பார்த்தார். அவரும் பார்த்தார். வாதம் இப்படியே இழுத்துக்கொண்டு போக, குருக்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ராகுகாலம் ஆரம்பிச்சுடுத்து."

சேர்மன் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். பின்னாலேயே கூட்டம் கலைந்தது. சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர் மட்டும் பின்தங்கி, "சார், அந்தப் பட்டியலை எனக்கு ஒண்ணு அனுப்புங்க" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்.

மாசிலாமணி ஷகிலாவின் அறைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"ஒண்ணு கேட்கிறேன் மேடம். நீங்களும் முடியாதுன்னுதானே சொன்னீங்க? என்ன ஆச்சு? உங்களை அனுப்பிட்டு என்னைக் கொண்டுவந்தாங்க. இப்ப என்னை அனுப்பிட்டு இன்னொருத்தனைக் கொண்டுவருவாங்க. அவன் போட்டுட்டுப் போவான். நீங்க சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் என்ன பலன்?"

ஷகிலா மேஜை இழுப்பறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். "நான் ஆனி மாசக் கடைசியில முடியாதுன்னேன். ஆடியில ஐயா எதையும் தொடங்க மாட்டாரு, ஒரு மாசம் கெடைச்சுது. அந்த மாசத்துலதான் இந்த முப்பத்தோரு பேரையும் கண்டுபிடிச்சோம். ஆவணியில பட்டியலை மூணாம் மாடியில குடுத்து மறுபடியும் முடியாதுன்னேன். பட்டியல் அங்கயே நின்னுடுச்சு, நான் முடியாதுன்னது மட்டும் மேல போச்சு. வேற ஆளைத் தேடுறேன்னாரு ஐயா. உங்களைத் தேடிப் பிடிக்க மூணு மாசம் ஆச்சு. அத்தனை நாளும் அந்தக் கெழவர் மாதிரி ஆளுங்களுக்குச் சிவப்புப் பட்டைதான் கட்டினாங்க."

"சரி மேடம். இனிமே?"

"கம்பெனிக்காரங்க எத்தனை நாள் கேட்டாங்க?"

"இருபது."

"ஞாயித்துக்கிழமை மார்கழி பொறக்குது சார். தை வர்ற வரைக்கும் அவரு பட்டனையும் அழுத்த மாட்டாரு, உங்க எடத்துக்குப் புது ஆளையும் சேர்க்க மாட்டாரு" என்றார் ஷகிலா. "எந்திரிச்சுப் போய் வேலையைப் பாருங்க."