யானைக்கு ஏலம் போட்ட பூவராகன்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டால் எனக்கும் தெரியாத ஓர் ஊரில், சித்திரசேனர் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனசு. ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் அன்றைக்கு அரண்மனையில் யாருக்கும் சோறு இறங்காது.

அந்த வருஷத்து மழையில் நகரத்துக் கூத்து மண்டபத்தின் கூரை விழுந்துவிட்டது. கூத்தாடிகளுக்கு ஆட இடமில்லை. ராஜா யோசித்தார். குயவர்களைக் கூப்பிட்டு ஆளுயர மண் யானைகள் பன்னிரண்டு செய்யச் சொன்னார். ஓவியர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு யானை கொடுத்து, மனம்போல வண்ணம் தீட்டச் சொன்னார். யானைகள் ஒரு மாதம் தெருமுனைகளில் நிற்கும். ஜனங்கள் பார்த்து மகிழ்வார்கள். பௌர்ணமியன்று அவற்றை விற்று, வரும் பணத்தில் மண்டபத்துக்குக் கூரை போடலாம்.

பொறுப்பு முழுவதும் விகடகவி பூவராகனுக்கு. இது படைத்தலைவர் தளவாய் விருத்தகிரிக்குப் பொறுக்கவில்லை. தம் குதிரைகளைக் கட்ட அவருக்கு அந்த மண்டபம் வேண்டும். தாமே ஓர் ஓலை எழுதி ராஜாவிடம் முத்திரை வாங்கினார்: "பௌர்ணமி மாலைக்குள் பன்னிரண்டு யானைகளுக்கும் ஏலம் போட வேண்டும். சேரும் பணம் மண்டபத்துக்கு. தவறினால் மண்டபம் குதிரை லாயம்."

பௌர்ணமியும் வந்தது. உச்சி வெயிலில் ராஜா கடைத்தெருவுக்குப் போனார். போனவர் திகைத்து நின்றார். நீல யானையின் முன் தேங்காய் உடைந்து கிடந்தது. மஞ்சள் யானை பட்டுடுத்தியிருந்தது. எல்லா யானைக்கும் முன்னால் கற்பூரம். அறியாமல் ராஜாவின் கைகள் குவிந்தன. "நாம் செய்யச் சொன்ன மண் அல்லவா இது?" என்று நினைத்துக் கையை இறக்கினார். யானை அவரையே பார்த்தது. மறுபடி கை குவிந்தது.

"பூவராகரே, இது மண்ணா, யானையா, சாமியா?"

"விடியற வரைக்கும் மண்ணுதான் அரசே. இப்போ எனக்கே குழப்பமா இருக்கு."

நடந்தது இதுதான். மண் உருவத்துக்குக் கடைசியில் கண் எழுதுவதைக் கண் திறப்பது என்பார்கள். கண் திறந்தால் அது தெய்வம். அப்புறம் விலை பேசக்கூடாது. அதனால் வாங்குகிறவரே கண் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அன்று விடியலில் தாயம்மை என்ற ஓவியக்காரி தன் யானைக்குக் கண் எழுதிவிட்டாள். அதைப் பார்த்து மற்றப் பதினொரு பேரும் எழுதிவிட்டார்கள்.

"ஏன் அப்படிச் செய்தாய்?" என்றார் ராஜா.

தாயம்மை சொன்னாள்: "ஒரு மாசமா வெயில்ல நிக்குது சாமி. இன்னிக்கு யார் வீட்டுக்கோ போகப்போகுது. போற வழிகூடத் தெரியாமப் போகுமேன்னு மனசு கேக்கல."

ஏலத்துக்குப் பறை அடித்துப் பார்த்தார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. "சாமிய விலை கேக்கவா? ராஜா வீட்டு உப்பைத் தின்னது வேற, சாமி குத்தம் வேற" என்று ஒரு வளையல்காரர் ஒதுங்கிக்கொண்டார். கூத்தாடிகள் தலை கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தளவாய் ஓலையை விரித்தார். "மாலைக்குள் ஏலம் போடாவிட்டால் மண்டபம் லாயம்."

"ஏலம் போட்டுட்டா?" என்று கேட்டார் பூவராகன்.

"போட்டுவிட்டால் மண்டபம் கூத்தாடிகளுக்கு. எழுதியது எழுதியபடியே. ஓர் எழுத்து மாறாது."

"அரசே, சாட்சி நீங்க" என்று சொல்லிவிட்டு, கூத்தாடிகளை எழுப்பிக்கொண்டு பூவராகன் மளிகைக்கடைப் பக்கம் நடந்தார்.

பொழுது சாயும் வேளையில் ராஜா திரும்பி வந்தபோது தெருவெல்லாம் பாயச வாசனை. 'விருந்து யார் வீட்டில்?' என்று இன்னும் குழம்பினார். பார்த்தால், கூத்தாடிகள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஏலக்காய் மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து, உண்டியலில் முடிந்ததைப் போட்டு, மாலை வாங்கி யானைக்குச் சாத்தினார்கள். கையில் காசில்லாத ஒரு விறகுக்காரி தயங்கி நின்றாள். பூவராகன் ஒற்றை ஏலக்காயை அவள் கையில் வைத்து, "தும்பிக்கையில வைம்மா, அதுக்கு இதுவே போதும்" என்றார்.

"பன்னிரண்டு யானைக்கும் ஏலம் போட்டாச்சு அரசே!"

"அநியாயம்! இது ஏலக்காய்!" என்று பாய்ந்தார் தளவாய்.

"தளவாய் ஐயா, உங்க வீட்டுப் பாயசத்துல வாசனைக்கு என்ன போடுவாங்க?"

"முந்திரி."

"அது வாய்க்கு. வாசனைக்கு?"

கூட்டம் முழுவதும் அவர் வாயையே பார்த்தது. தளவாய் மென்று விழுங்கி, "ஏலம்" என்றார்.

கூட்டம் தெரு அதிரச் சிரித்தது. உண்டியலைத் திறந்த கணக்கர், கூரைக்கு ஓடும் போட்டு மேடைக்குத் திரையும் வாங்கலாம் என்றார். கூத்தாடிகளில் ஒருவர் தாயம்மையின் காலில் விழப்போக, அவள் வெட்கப்பட்டு யானைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

தளவாய் மட்டும் தனியாக நின்றார். பூவராகன் ஒரு மாலையை எடுத்துப்போய் அவரிடம் நீட்டினார். "நீங்களும் சாத்துங்க ஐயா. உங்க ஓலை இல்லேன்னா எனக்கு இந்த வழியே தெரிஞ்சிருக்காது."

தளவாய் மாலையைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "இது என்ன விலை?" என்றார்.

ராஜாவுக்கு மட்டும் கேட்டுவிட்டது. "காலையிலிருந்து இந்த ஊரில் விலை கேட்ட முதல் ஆள் இவர்தான்!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளவாயும் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தம் மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டு, மாலையை இரண்டு கையாலும் சாத்தினார்.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, "இன்னும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. நான் இன்று கும்பிட்டது மண்ணையா, சாமியையா?" என்று காதோடு கேட்டார்.

"யானை வழி தெரியாம தவிக்குமேன்னு ஒருத்தி இரங்கினா இல்லையா, அந்த இரக்கத்தை அரசே" என்றார் பூவராகன்.

ராஜா யானைப் பக்கம் திரும்பினார். பிறகு மூன்றாம் முறையாக, இந்தத் தடவை தெரிந்தே, கை குவித்தார்.