செவுத்துக்கு அந்தப்பக்கத்து ஈ

"அம்மா, எங்க அண்ணனைக் கூப்பிட்டு நீங்கதான் கண்டிக்கணும். என் வெள்ளரியில ஒரு காய் தேறல."

சொன்னது கனகசபை. ரிட்டையரான பஸ் கண்டக்டர். ஊர் மடத்தை நடத்துற கோமளத்தம்மா அவரைவிடப் பத்து வயசு சின்னவங்க. ஆனாலும் கையைக் கட்டித்தான் நின்னாரு.

"அண்ணன் என்ன பண்ணாரு?"

"செவுத்துக்கு அந்தப்பக்கம் பீர்க்கங்கொடி விட்டிருக்கான். அங்கேருந்துதான் ஈ வருது. என் பிஞ்சைக் குத்தி முட்டை வெச்சிட்டுப் போகுது. புழு வெச்சு, அழுகி, விழுந்துடுது."

"எங்க ஏறுச்சுன்னு ஈகிட்ட டிக்கெட் கேட்டீங்களா?"

கனகசபை சிரிக்கல.

"ரெண்டு மாசமா அண்ணனோட பேச்சு இல்லம்மா."



"விழுந்த காயை என்ன பண்றீங்க?"

"வீணாக்குவனா? கொடிக்கடியிலயே போட்டுருவேன். அதோடது அதுக்கே உரம்."

"அதுல ஒண்ணு கொண்டாங்க."

கொண்டுவந்தாரு. அம்மா ஒரு ஊறுகா பாட்டில்ல பாதி மண்ணு போட்டு, அந்த அழுகின காயை மேல வெச்சு, வாயைத் துணியால இறுக்கிக் கட்டினாங்க.

"தலைமாட்டுல வைங்க. கட்டை அவுக்காதீங்க. இருபது நாள் கழிச்சு வாங்க."

இருபதாம் நாள் வந்தாரு. பாட்டிலைத் துண்டால மூடியிருந்தாரு.

"அண்ணன் கொடியை அறுத்துட்டான்மா."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. அவனாவே. பூவும் பிஞ்சுமா இருந்துச்சு. அறுத்துச் செவுத்து மேல போட்டுட்டு, 'இப்பவாச்சும் பேசுடா'ன்னான்."

"பேசினீங்களா?"

"உள்ள போயிட்டேன்."

அம்மா கையை நீட்டினாங்க. அவரு பாட்டிலைக் குடுத்தாரு.

துண்டை எடுத்தாங்க. உள்ள பத்துப் பதினஞ்சு ஈ, கண்ணாடியில மோதிக்கிட்டு இருந்துச்சு.

"கட்டை அவுத்தீங்களா?"

"இல்லம்மா."

"இதுங்க எப்ப வந்துச்சு?"

"போன வாரமே பாத்துட்டேன்."

"அண்ணன் கொடியை அறுத்தது?"

கனகசபை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"நேத்து."

அம்மா பாட்டிலைத் திரும்ப அவரு கையிலயே குடுத்தாங்க.

வாசல் வரைக்கும் போனவரு நின்னாரு.

"அம்மா... மடத்துல பீர்க்கன் வெத இருக்குமா?"