முத்தழகி பிடித்த ஈ

லூர்துராஜுக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பொறாமைதான்.

தாமிரபரணி பிறக்கிற மலையில், மழைக்காட்டுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஓர் ஆய்வு நிலையம். அந்தக் காட்டில் என்னென்ன ஈக்கள் இருக்கின்றன என்று இனம் கண்டு பதிவேட்டில் எழுதுவது செங்கமலம் மேடத்தின் வேலை. லூர்துராஜ் அவரிடம் ஒன்பது வருஷமாகக் கற்றுக்கொண்டிருந்தான். வயது நாற்பத்தொன்று. முடி பாதி போய்விட்டது. நாலாயிரம் ஈக்களைப் பார்த்து எழுதியிருந்தான். அத்தனையும் யாரோ எப்போதோ பேர் வைத்துவிட்ட ஈக்கள்.

முத்தழகி அங்கே கற்றுக்கொள்ள வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. போன வாரம் ஓடைப் பாறையிலிருந்து ஒரு பச்சை ஈயைப் பிடித்து வந்தாள். அரை அரிசி அளவு இருக்கும்.

"மேடம், இதை யாருமே இதுவரைக்கும் எழுதினதில்ல. புது இனம்."

"எதை வச்சுச் சொல்றே?"

"றெக்கையில ஒரு நரம்பு வளைஞ்சிருக்கு."

"ஒரு நரம்பு போதாது. பிறவிக் கோணலாக்கூட இருக்கும். பென்சில்ல எழுதி வை."

அங்கே அதுதான் வழக்கம். சந்தேகமான ஈ பென்சிலில் இருக்கும். இன்னொருவர் அதே ஈயைப் பார்த்து, புது இனம்தான் என்பதற்கு வேறொரு அடையாளமும் காட்டினால் மேடம் பேனாவால் எழுதுவார். காட்டாவிட்டால் மாசக் கடைசியில் ரப்பர்தான்.

மேடம் ஈப் பெட்டியை லூர்துராஜ் பக்கம் தள்ளினார். "நீ பாரு. தப்புன்னா அழிச்சிரு."

அழிச்சிரு. அந்த ஒரு வார்த்தைதான் அவன் காதில் விழுந்தது.

"நல்லாப் பாருங்கண்ணே," என்றாள் முத்தழகி. "எங்க அம்மா பேரை வைக்கலாம்னு இருக்கேன்."

"மொதல்ல அது ஈயான்னு பார்ப்போம்."

"கொசுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அம்மா கோவிச்சுக்கும்."

அவள் சிரித்ததும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் நாள், அதே மாதிரி வளைந்த நரம்பைத் தேடி இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினான். ஒரு படத்தில் இருந்தால் போதும், அவள் கதை முடிந்தது. எதிலும் இல்லை.

இரண்டாம் நாள், ஈயின் முதுகில் இருந்த மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணினான். மத்தியானச் சோறு ஆறிப்போனது. வெளியே மழை கொட்டியது. முத்தழகி குறித்து வைத்திருந்த எண்ணிக்கையிலும் குற்றமில்லை.

மூன்றாம் நாள் வேறு யோசனை வந்தது. சின்ன ஈயைக் காகித நுனியில் பசை வைத்து ஒட்டுவார்கள். புதுசாக வந்தவர்கள் பசையை அப்பிவிடுவார்கள். அதையாவது குறை சொல்லலாமே என்று ஈயைத் தலைகீழாகத் திருப்பி மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

பசை அளவாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்காலின் அடியில் இரண்டு மயிர்கள் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தன. எந்தப் புத்தகத்திலும், எந்த ஈயிலும் அவன் பார்க்காத முட்கள். மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. முத்தழகியும் பார்த்திருக்கவில்லை.

இல்லாமல் போகாதா என்று ஏழு தடவை பார்த்தான். போகவில்லை.

அன்றைக்கு மாசக் கடைசி. ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது.

முத்தழகி டீ கொண்டுவந்து வைத்தாள். "என்னண்ணே, ஈ என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"மூணு நாளா அதுகூடவே இருக்கீங்க. ஒரு வார்த்தைகூடவா சொல்லல?"

அவள் போய்விட்டாள். அவன் ரப்பரை எடுத்தான். பென்சில் வரிமேல் கொண்டுபோனான். கண்ணுக்குள் அந்த இரண்டு முட்களும் நின்றன. ரப்பர் வைத்து வரியை அழிக்கலாம், பார்த்ததை எதை வைத்து அழிப்பது? கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துவிட்டுக் காகிதத்தை இழுத்து முட்களை வரைந்தான். டீ ஏடு கட்டியது.

படத்தை மேடத்தின் மேஜையில் போட்டான். "அவ சொன்னது சரிதான். நடுக்காலுக்கு அடியில பாருங்க."

மேடம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து பென்சில் வரியின் மேலேயே எழுதினார். கண்டுபிடித்தவர், முத்தழகி. மை காயும்வரை அவன் அங்கேயே நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஒம்பது வருஷம், நாலாயிரம் ஈ. எனக்கு ஏன் ஒண்ணுகூட மாட்டல?"

"ஒரு ஈயை எவ்வளவு நேரம் பார்ப்பே?"

"பத்து நிமிஷம். தெரிஞ்ச இனம்னா அஞ்சு."

"இதை?"

"மூணு நாள்."

"இதுக்கு மட்டும் ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். "அவ சொன்னது தப்புன்னு காட்டணும்னுதான்."

மேடம் திட்டவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அவன் முதல் வருஷம் பார்த்து எழுதி மூடி வைத்த ஈப் பெட்டி ஒன்றை எடுத்து, தூசியை ஊதி, அவன் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் அவ பிடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டுப் பாரு."