மேட்டு மரத்து உருமாலை

“எல்லாம் சரியாத்தான் பண்றேனுங்க அம்மணி. ஆனா மான் மட்டும் அம்பு எட்டுற தூரத்துக்கு வரமாட்டேங்குது” என்றான் காரையன்.

வஞ்சி அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் சின்னவள். இருந்தாலும் வில்லுக்கு அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தான். அதில் அவனுக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

அக்காள் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் உட்காரும் மான்தோலைத் தாய்மாமன் தன் கையால் வேட்டையாடிக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூத்தவள் கல்யாணத்தில் சந்தைத் தோலைக் கொண்டுபோய் விரித்தான். பந்தியில் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை. இந்த முறையும் அப்படி ஆனால் அக்காள் முகத்தில் விழிக்க முடியாது.

திட்டத்தைச் சொல்லச் சொன்னாள் வஞ்சி.

சொன்னான். மேய்ச்சல் வெளி ஊருக்கெல்லாம் பொது. குட்டை ஒன்றுதான். முதலில் வருகிறவன் மேட்டு வேலமரத்தில் தன் உருமாலையைக் கட்டிவிட்டால் அன்றைக்குக் குட்டை அவனுடையது. பிந்தி வருகிறவன் மறுபேச்சில்லாமல் விலக வேண்டும். அதனால் விடியுமுன்பே போய்த் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டுகிறான். இறங்கிப் போய், மேட்டுக்கு முதுகைக் காட்டிக் குட்டையோரப் புதரில் பதுங்குகிறான். பொழுது சாயும்வரை தண்ணீரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, துணிய அவுத்துக்கிட்டு வீட்டுக்குத்தான். இதுல ஒரு கூத்து கேளுங்க. ஒவ்வொரு தடவையும் மரத்தடியில புதுசா குளம்புத் தடம் கெடக்கும். நான் குட்டையில குந்தியிருக்க, அது மேட்டுல வந்து நின்னுட்டுப் போயிருக்குது. என் கெரகம்.”

வஞ்சி இறகைக் கீழே வைத்தாள். நாளைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

நாளையோடு வேட்டைக் காலம் முடிகிறது.

மறுநாள் போனபோது வேலமரத்தில் வேறு யாருடைய துணியோ ஆடிக்கொண்டிருந்தது. காரையனுக்கு உயிரே போனது போல் ஆனது. வழக்கம் வழக்கம்தான் என்று வீட்டுக்குத் திரும்பப் பார்த்தான்.

“குட்டைதானுங்களே அவங்களுது?” என்றாள் வஞ்சி. அவனுடைய சிவப்பு உருமாலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குட்டையைத் தாண்டி வெகுதூரம் நடந்தாள். மரமும் இல்லை, புதரும் இல்லை, வெறும் புல். அங்கே ஒரு காய்ந்த குச்சியை நட்டு அதில் உருமாலையைக் கட்டினாள். காற்றைப் பார்த்து இடம் காட்டி, அவனைப் புல்லோடு புல்லாகப் படுக்கச் சொன்னாள். தானும் படுத்தாள்.

காரையனுக்குக் கோபம் கோபமாக வந்தது. தண்ணீர் இல்லாத இடத்துக்கு எந்த மான் வரும்? குருவாயிற்றே என்று சொன்ன இடத்தில் கிடந்தான்.

துணி படபடத்தது.

எங்கோ ஒரு கருப்பு ஆண்மான் தலையைத் தூக்கியது. பார்த்தது. கொஞ்சம் நடந்தது, நின்றது. காலைத் தட்டியது. மறுபடி நடந்தது.

குச்சியில் ஆடும் துணியைப் பார்த்து நேராக வந்தது.

மரத்தடியில் கிடந்த தடமெல்லாம் காரையனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“அம்மணி, அப்ப அத்தனை நாளும் அது...”

“பேச்சு அப்புறமுங்கண்ணா. வில்லை எடுங்க.”