கழுத்தளவு தண்ணீரில் மூன்று தாய்மாமன்கள்

மூன்று ஆம்பிளைகள் மூன்று நாளாகக் கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் நின்றால் என்ன நினைப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? ஏதோ வேண்டுதல் என்றுதானே? வெள்ளைக்கரட்டு ஊர் ஜனமும் அப்படித்தான் நினைத்து, கரையில் ஒரு தேங்காயை உடைத்து வைத்துவிட்டுப் போனது.

விஷயம் வேண்டுதல் இல்லை, பீடி.

இருளப்பன், நல்லமுத்து, சங்கையா மூவரும் கூடப்பிறந்தவர்கள். மூவருக்கும் ஒரே தங்கச்சி பூச்செண்டு. அவள் மகள் செவந்திக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் மாமன்மார் பக்கத்தில் வந்தாலே, பீடி நாற்றம் தாங்காமல் குழந்தை மூக்கைச் சுருக்கி அழுதது.

"பீடி வாடையோட ஒருத்தனும் எம்பிள்ளையைத் தொடக் கூடாது. விட்டுட்டு வாங்க. இல்ல, ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில உக்கார வச்சுருவேன்" என்றாள் பூச்செண்டு.

ஒண்ணுவிட்டவன் மடியா? மூவருக்கும் அன்று கஞ்சி இறங்கவில்லை. ஊருக்கு வரும் நர்சம்மாவிடம் ஓடினார்கள்.

"எதுக்கு விடணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் நர்சம்மா.

"தங்கச்சி சொன்னா."

"அடுத்தவங்க சொன்னதுக்காக விட்டா நிலைக்காது. உங்களுக்கே தோணணும்."

மூவரும் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார்கள்.

"தோணிருச்சு" என்றான் இருளப்பன். "மருமகளை நாங்க மடியில வைக்கணும்."

"அதுதான் உங்க காரணம். அதை எப்பவும் கண்ணு முன்னால வச்சுக்கங்க. பீடி குடிச்சுப் பழகின இடத்துப் பக்கம் போகாதீங்க. ஒருத்தரை ஒருத்தர் விடாமப் பிடிச்சுக்கங்க" என்றாள் நர்சம்மா, பாவம், நல்ல எண்ணத்தில்.

அன்றைக்கே காரணத்தைக் கண் முன்னால் வைத்தார்கள். அதாவது, தொட்டிலைச் சுற்றி மூவரும் கைகோத்து நின்றார்கள். தூங்கி எழுந்த செவந்தி மூன்று மீசைகளை ஒன்றாகப் பார்த்துவிட்டு வீறிட்டாள். பால் காய்ச்சிக்கொண்டிருந்த பூச்செண்டு கரண்டியோடு வந்தாள். பிள்ளைக்குப் பதிலாகப் பிள்ளையின் சட்டை ஒன்றைக் கொடுத்து மூவரையும் வெளியே தள்ளினாள்.

சங்கையா அந்தச் சட்டையை ஒரு குச்சியில் கட்டி, குச்சியை நெற்றியில் கட்டிக்கொண்டான். காரணம் கண்ணை விட்டு அகலவே இல்லை. எதிரே வந்த எருமைதான் தெரியவில்லை.

அடுத்தது, பீடி குடிக்காத இடம் தேட வேண்டும்.

"களத்துமேடு?" என்றான் இருளப்பன்.

"தினம் குடிக்கிறோமே."

"வைக்கப்போர்?"

"அங்க குடிச்சுத்தான் போன மாசம் வைக்கப்போர் இல்லாமப் போச்சு."

"பூச்செண்டு அடுப்படி?"

"அங்க குடிச்சதில்ல. கரண்டி இருக்கு."

ராத்திரிப் படுக்கைக்கு அடுப்படி என்று முடிவானது. பகலில் அங்கே சமையல் நடக்குமே? யோசித்து யோசித்து, கடைசியில் ஊரிலேயே மூவரும் பீடி குடிக்காத இன்னொரு இடத்தை நல்லமுத்து கண்டுபிடித்தான். கண்மாயின் நடுப்பகுதி. குச்சியை ஒரு நீளக் கழியில் கட்டிச் சேற்றில் நட்டு, சட்டையைப் பறக்கவிட்டு, கைகோத்து நின்றார்கள். எருமைகளும் பக்கத்தில் வந்து நின்றன. அவற்றுக்கும் இது புதுசு.

முதல் நாள் நடுங்கினார்கள். இரண்டாம் நாள் ஒருவரையொருவர் திட்டினார்கள். மூன்றாம் நாள் இருளப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏண்டா, இப்ப நாம பீடியை விட்டுட்டமா?"

"மூணு நாளா குடிக்கலையே அண்ணே."

"குடிக்கணும்னா குடிக்க முடியுமா?"

சங்கையா இடுப்பிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்துக் காட்டினான். "ஊறிக் கஞ்சியாயிருச்சு. தீப்பெட்டியும் நமுத்துருச்சு."

"எதுக்குடா வச்சிருந்தே?"

"எதை விட்டோம்னு மறந்துறக் கூடாதுல்ல?"

இருளப்பன் முகம் வாடியது. "அப்ப விட்டது நாம இல்லடா. கண்மாய்த் தண்ணி. நமக்கே தோணி விடணும்னு நர்சம்மா சொல்லிருக்கு."

மதியம் கஞ்சி கொண்டுவந்த பூச்செண்டிடம் கேட்டார்கள். "தங்கச்சி, காஞ்ச பீடி ஒரு கட்டும் காஞ்ச தீப்பெட்டியும் வேணும்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "இவ்வளவுதானாண்ணே?"

"குடிக்கிறதுக்கில்ல ஆத்தா. குடிக்காம இருக்கிறதுக்கு."

அவள் திரும்பி நடந்தாள். டீக்கடையில் வாங்கிவந்து, இருளப்பனின் தலையில் முண்டாசுக்கு மேல் வைத்துவிட்டு, ஈரப்புடவையோடு கரையேறி உட்கார்ந்தாள். உலையை மறந்தாள்.

பொழுது சாய்ந்தது. நல்லமுத்துவின் கை தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது. அண்ணன் தலைவரை போனது. பூச்செண்டு கரையில் எழுந்து நின்றாள். நல்லமுத்து எதிரே ஆடிய சின்னச் சட்டையைப் பார்த்தான். அண்ணன் காதோரம் கொஞ்சம் சொறிந்துவிட்டுக் கையைத் தண்ணீருக்குள் இறக்கினான்.

"இப்ப விட்டுட்டோம்" என்றான் இருளப்பன்.

வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் பூச்செண்டு மூவரையும் மோந்து பார்த்தாள். "கெண்டை மீன் வாடைதான் வருது. பரவாயில்ல, உக்காருங்க."

யார் மடி? ஒருத்தரை ஒருத்தர் விடாமப் பிடிச்சுக்கச் சொல்லி நர்சம்மா சொல்லியிருக்கிறதே. பாயில் இருளப்பன் உட்கார்ந்தான், அவன் மடியில் நல்லமுத்து, அவன் மடியில் சங்கையா, உச்சியில் செவந்தி. காது குத்தும் ஆசாரிக்கு ஏறி நிற்க முக்காலி கொண்டுவர வேண்டியதாயிற்று. செவந்தி மூக்கைச் சுருக்கவில்லை. சங்கையா மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

வலது காது முடிந்தது. பிள்ளை ஒரு குரல் அழுது ஓய்ந்தாள். பூச்செண்டு சர்க்கரையை அவள் வாயில் வைத்தாள். ஆசாரி இடது காதுக்கு ஊசியை எடுத்தார்.

"அண்ணே," என்று மேலிருந்து சங்கையா மெதுவாகக் கேட்டான், "அந்தக் காதும் குத்திட்டா நம்ம காரணம் முடிஞ்சு போயிருமே?"

நடுவில் நல்லமுத்து திடுக்கிட்டான். "ஆமாண்ணே. காரணம் இல்லேன்னா நிலைக்காதே."

ஆசாரி ஊசியோடு முக்காலியில் நின்றார். மூவரும் அப்படியே ஒருவர்மேல் ஒருவராக இருந்து யோசித்தார்கள். கடைசியில் அடியிலிருந்து இருளப்பனின் குரல் மட்டும், ரொம்பப் பணிவாக வந்தது.

"ஆசாரியாரே, ஒரு சின்ன ஒத்தாசை. அந்த இடது காதை மட்டும் அடுத்த வருசத்துக்கு விட்டு வைங்க."